தொழிற்கையும் பொருட்கையும்

நெல்லையப்பர் திருக்கோயிலின் தாமிர சபை, கூத்தப்பிரானின் ஐம்பெரும் சபைகளுள் ஒன்றாகப் போற்றப்படுவது. ஆடற்கையின் அழகைக் கல்லிலும் செம்பிலும் கண்டு பழகியவர்கள் பொருநைக்கரை மக்கள். கையசைவால் கணிப்பொறிக்கு ஆணையிடும் இக்காலக் கருவிகளின் வரலாற்றை அம்மரபின் வெளிச்சத்தில் நோக்குதல் பயனுடையது.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், ஒற்றைக் கையாகிய பிண்டி 33, இரட்டைக் கையாகிய பிணையல் 15 எனப் பெயரிட்டுத் தொகுத்தார். அழகு பெறக் காட்டுவது எழிற்கை. தொழிலைக் காட்டுவது தொழிற்கை. பாட்டின் பொருளை உணர்த்துவது பொருட்கை. விரலின் வடிவம் வேறு, அது சுமக்கும் பொருள் வேறு என்னும் தெளிவு இப்பகுப்பில் உண்டு.

மேலைநாட்டில் 1977இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் சேயர் கையுறை உருவாயிற்று. விரல்தோறும் வளையும் குழாய். அதன் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளியுணரி. விரல் மடிந்தால் ஒளி குறையும். அக்குறைவே மடிப்பின் அளவு. 1987இல் வி.பி.எல். நிறுவனத்தின் ‘டேட்டா குளோவ்’ ஒளியிழைகளைக் கையாண்டது. 1989இல் ‘பவர் குளோவ்’ விளையாட்டுப் பொருளாகவே விற்பனைக்கு வந்தது. பின்னர் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் சுழல்மானியும் நுண்சில்லுகளாகச் சுருங்கி, மணிக்கட்டிலும் மோதிரத்திலும் அடங்கின.

இக்கருவிகள் பிடித்தவை யாவும் தொழிற்கையே. பொருட்கை அவற்றுக்கு எட்டியதா?

2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர், சைகை மொழியைப் பேச்சாக மாற்றுவதாகக் கூறிய ‘சைன்அலவுட்’ கையுறைக்குப் பரிசு பெற்றனர். உலகம் வியந்தது, செவிப்புலன் அற்றோர் பலர் மறுத்தனர். அமெரிக்கச் சைகை மொழியில் ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவைப் புருவத்தை உயர்த்தியே கேட்பர். கையுறைக்குப் புருவம் தெரியாது. ஆகவே அங்கே வினா வெறுங்கூற்றாகிவிடும். தம்மைக் கேளாமலே தம் மொழிக்குக் கருவி செய்தனர் என்பதும் அவர்களின் மனக்குறை.

பாளையங்கோட்டைக்கு இது தொலைவான செய்தி அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் அது. அத்தகைய பிள்ளைகள் ஒருவரோடொருவர் உரையாடுகையில் கண்ணும் முகமும் தோளும் சேர்ந்தே பேசுகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்குத் தனியே ஓர் இயல் வகுத்ததன் நுட்பமும் இதுவே: உள்ளத்து உணர்வு மெய் முழுவதிலும் வெளிப்படுவது.

கருவியைப் பழிப்பது அறிவுடைமை ஆகாது. விரலின் மடிப்பையும் மணிக்கட்டின் சுழற்சியையும் அளந்தது அரிய வெற்றியே. ஆயினும் அளந்தது அனைத்தும் பொருள் ஆகிவிடாது. சொல்லுக்கு அப்பால் நிற்கும் குறிப்பைத் தேடும் கவிஞர்க்கு இது புதிய பாடம் அன்று. இனிக் கருவி செய்வோர், கையை அளப்பதற்கு முன், அக்கைக்கு உரியவரின் முகத்தை நோக்கட்டும்.