கொம்பு முளைத்தவர்களின் கதை

பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்த மொமொதாரோ என்னும் சிறுவன், நாயும் குரங்கும் காட்டுக்கோழியும் துணைவர, ஓனி என்னும் கொம்புள்ள அசுரர்களின் தீவுக்குப் படகேறிச் சென்று, அவர்களை அடக்கி, அவர்களுடைய செல்வத்தையெல்லாம் வாரிக்கொண்டு வீடு திரும்பிய கதையை அறியாத ஜப்பானியக் குழந்தை இல்லை. ஓனிகள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று அந்தக் கதை விசாரிப்பதில்லை. கொம்பு இருப்பதே குற்றத்துக்குப் போதிய சாட்சி. 1945 ஏப்ரலில், ஜப்பானிய நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த நாட்களில், கடற்படையின் ஆதரவோடு செயோ மிட்சுயோவின் இயக்கத்தில் வெளிவந்த முழுநீளச் சித்திரப்படத்திலும் இதே நியாயம்தான். மொமொதாரோ அதில் சேனாதிபதி. அவன் முன்னே நடுநடுங்கிச் சரணடையும் வெள்ளைக்கார அதிகாரிகளின் தலையில் ஒற்றைக் கொம்பு வரையப்பட்டிருந்தது. பகைவனுக்கு வேறு ஹேது கற்பிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

முப்பது ஆண்டுகளுக்குள் அதே நாட்டின் சித்திரப்படங்களில், அனிமே என்று இன்றைய இளைஞர் வழங்கும் அந்தக் கலையில், பிரதிநாயகனுடைய மனத்தைத் திறந்து காட்டாமல் கதையை முடிப்பது அபூர்வமாகிவிட்டது. யுத்தத்தில் தோற்றதனால் வந்த ஞானம் இது என்று சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தோல்வி புதிதாக எதையும் விதைக்கவில்லை, பழைய வேர் ஒன்று மீண்டும் துளிர்க்க இடம் கொடுத்தது, அவ்வளவுதான் என்பது என் கட்சி.

அந்த வேரைத் தேடினால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னே போகவேண்டும். சுகவாரா நோ மிச்சிசானே என்ற பண்டிதர், அரசவையின் பொறாமையால் பொய்ப்பழி சுமத்தப்பட்டு, 901-இல் கியூஷூ தீவின் தசைஃபுக்கு அனுப்பப்பட்டு, 903-இல் அங்கேயே மாண்டார். பிறகு கியோத்தோவில் பிணியும் மழையின்மையும் தொடர்ந்தன. 930-இல் அரண்மனைமேலேயே இடி விழுந்து பிரபுக்கள் சிலர் மடிந்தனர். அநியாயமாக இறந்தவரின் ஆவியே இவ்வளவும் செய்கிறதென்று நம்பிய அரசவை, அந்த ஆவியை விரட்ட முற்படாமல், பறித்த பதவியை அதற்கே திருப்பியளித்துக் கோயிலும் எடுத்து வணங்கியது. இன்று பரீட்சைக்குப் போகும் மாணவர் வேண்டிக்கொள்ளும் கல்வித் தெய்வம் அவரே. தீங்கு செய்பவனுக்குப் பின்னால் அவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஒன்று இருக்கும், அதைக் கேட்டு ஆற்றுவதே பரிகாரம் என்ற எண்ணம் அப்படி வேரூன்றியது.

இதை நாடகமாக்கியவர்கள் ஒசாக்காவின் பொம்மலாட்டக்காரர்கள். பொல்லாதவன் என்று சபையோர் வெறுத்த ஒருவன், மரணக் காயம்பட்டுக் கிடக்கையில் தன் உள்ளத்தை வெளியிட்டு நல்லவனாக மாறி நிற்பது ‘மொதொரி’ என்னும் நாடக உத்தி. 1747-இல் தகெமொத்தோ அரங்கில் ஏறிய ‘யொஷிட்சுனேயும் ஆயிரம் செர்ரி மரங்களும்’ என்ற நாடகத்தின் கொந்தா இதற்குப் பிரசித்தமான உதாரணம். பெற்ற தாயையே ஏமாற்றிப் பணம் பறிக்கும் ஊதாரி அவன். அவனுடைய தந்தையோ, தோற்றுப்போன தைரா குலத்துப் பிரபு கொரெமோரியைத் தம் சூஷிக் கடையில் வேலையாளாக வேஷமிட்டு ஒளித்து வைத்திருக்கிறார். கொந்தா அந்தப் பிரபுவின் தலையென்று ஒரு தலையையும், மனைவி மகன் என்று இருவரைக் கட்டியும் பகைவரிடம் ஒப்படைத்துப் பரிசு வாங்குகிறான். பொறுக்கமாட்டாத தந்தை அவனைக் குத்துகிறார். உயிர் போகும் தறுவாயில்தான் அவன் வாய் திறக்கிறான்: தலை வேறொருவனுடையது, கட்டுண்டு போனவர்கள் தன் சொந்த மனைவியும் மகனும். இதற்கு மேலும் ஒரு கொடுமை உண்டு. பகைவர் தலைவன் கொரெமோரியைக் கொல்லவே நினைக்கவில்லை என்பது கடைசியில் தெரியவருகிறது. கொந்தாவின் தியாகம் முழுவதும் வீண்.

பொம்மலாட்ட மேடையில் பழகி, பின்பு சித்திரப்படத்துக்கு வந்த நகஹாமா ததாவோ, 1976-இல் தொடங்கி ராட்சத இயந்திரக் கதைகள் மூன்றை இயக்கினார். அவற்றுக்குப் பணம் போட்ட பொம்மை வியாபாரிகளுக்கு வேண்டியது விற்பனைக்குரிய நாயக யந்திரம். அது வாரந்தோறும் ஒரு பகை யந்திரத்தை உடைத்தாக வேண்டும். உடைந்தது மறுவாரம் வராது. அனுப்பிய தளபதி மட்டும் தோல்விமேல் தோல்வியாகச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் திரையில் நிற்பான். ஓயாமல் தோற்றும் ஒருவன் ஏன் மீண்டும் வருகிறான் என்ற கேள்வியைச் சந்தையே எழுப்பிவிட்டது. நகஹாமா அதற்கு நாடகக்காரராகப் பதில் சொன்னார். 1977-இல் வந்த ‘வோல்ட்டஸ் வி’யில் போவாசான் கிரகத்தார் கொம்புடன் பிறந்தால் பிரபுக்கள், கொம்பின்றிப் பிறந்தால் அடிமைகள். பொய்க்கொம்பு வைத்து வளர்ந்து, குட்டு வெளிப்பட்டுப் பூமிக்குத் தப்பியோடிய ஒருவருக்குப் பூமியில் பிறந்த பிள்ளைகளே நாயகர்கள். போவாசானில் அவருடைய மனைவிக்குக் கொம்புடன் பிறந்த மகனே பகைவர் தளபதி ஹைனல். துரோகியின் மகன் என்ற இழிவைத் துடைக்கப் போரிட்டு, எதிரி தன் தம்பியென்று முடிவில்தான் அறிந்து சாகிறான். 1945-இல் குற்றத்தின் அடையாளமாயிருந்த கொம்பு இங்கே சாதியின் அடையாளமாகி, கேள்வி பகைவனைவிட்டு அவன் பிறந்த சமூகத்தின்மேல் திரும்பிவிட்டது. பிலிப்பைன்ஸில் இத்தொடர் முடியும் தறுவாயில் 1979-இல் மார்க்கோஸ் அரசு அதைத் தடைசெய்தது. வன்முறை காரணம் என்றார்கள்.

நகஹாமா மட்டுமல்ல, பிறரும் இவ்வழி சென்றனர்: 1974-இன் ‘யமாத்தோ’ தொடரில் பகைவர் தலைவன் டெஸ்லர் பூமியைக் கவர வந்ததற்கும் ஹேது உண்டு, அவனுடைய கிரகம் அழிந்துகொண்டிருந்தது. 1979-இன் ‘குண்டம்’ தொடரின் பிரதிநாயகன் ஷார், தன் தந்தையைக் கொன்ற குடும்பத்தின் சேனையிலேயே சேர்ந்து பழிவாங்கக் காத்திருக்கிறான்.

இன்று இந்தச் சம்பிரதாயம் எளிதில் கிடைக்கும் சரக்காகிவிட்டது. ‘கிமெட்சு நோ யாய்பா’ என்னும் தொடரின் அசுரர்கள் அனேகமாக ஒவ்வொருவரும் தலை அறுபடும் வேளையில் தம் மனித வாழ்வை நினைக்கிறார்கள். அகாசா என்பவன் நோயுற்ற தந்தைக்கு மருந்து வாங்கத் திருடிய சிறுவன். திருட்டுக்குத் தண்டனையாகக் கையில் குத்திய பச்சைக்கோடுகளே பின்னர் அசுர உடலெங்கும் பரவிய கோலத்துக்கு மூலம். இது மனத்தில் நிற்கிறது, ஏனெனில் அந்தக் கோடுகள் முதலிலிருந்தே நம் கண்முன் இருந்தன. கொந்தா ஒப்படைத்த தலையும் அப்படித்தான் இருந்தது. சாகும்போது மட்டும் ஒட்டவைக்கும் பூர்வகதைகளில் இந்தக் கட்டுக்கோப்பு இல்லை. கண்ணீர் வருகிறது, காரணம் விளங்குவதில்லை. அசுரர் தலைவன் முசானுக்கும் பூர்வகதை உண்டு: நோயாளியான பிரபு, தன்னைக் குணப்படுத்த முயன்ற வைத்தியனைப் பொறுமையிழந்து கொன்றவன். ஆனால் அதில் யாரும் அவனுக்கு அநியாயம் செய்யவில்லை. சாவுக்கு அஞ்சினான் என்பதற்கு மேல் ஒரு ஹேதுவையும் ஆசிரியர் அவனுக்குத் தரவில்லை.