கற்பித்தலும் ஆற்றுப்படுத்தலும்: பெங்களூர் இறையியல் கல்வியில் அயல்நாட்டு ஆசிரியர்

1. சொல்லும் எல்லையும்

ஆற்றுப்படை நூல்களில் வழி சொல்கிறவன் வள்ளலிடம் போய்ப் பரிசில் பெற்றுத் திரும்புகிறவன். எந்த ஊரில் எந்தச் சோறு கிடைக்கும், எந்தக் காட்டில் எச்சரிக்கை வேண்டும் என்று எதிரே வரும் வறிய பாணனுக்கு அவனால் சொல்ல முடிகிறது. அவன் நடந்து வந்த வழி அது. ஈழத்தில் உளவளத் துறையினர் ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல்லை இன்றும் புழங்குகிறார்கள். இறையியல் கல்லூரிகளில் ‘மென்டரிங்’ என்று சொல்லப்படும் பணிக்கு அந்தச் சொல்லையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதை எடுத்தவுடன் ஒரு சங்கடமான கேள்வியும் கூடவே வருகிறது.

கடல் கடந்து வந்த ஆசிரியர் எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கலாம். ஒக்கலிபுரத்திலோ ஸ்ரீராமபுரத்திலோ, தமிழும் கன்னடமும் கலந்து பேசும் ஒரு குடும்பத்தின் சாவு வீட்டில் இளம் ஆயர் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் எங்கிருந்து அறிவார்? மாணவன் போகவிருக்கும் வழியில் நடக்காதவர் அவனை ஆற்றுப்படுத்த முடியுமா?

பெங்களூரின் புராட்டஸ்டன்ட் இறையியல் கல்வியை, குறிப்பாக மில்லர்ஸ் சாலையில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்கிறேன். கத்தோலிக்கக் குருமடங்களின் வரலாறு தனியானது, 1967இல் து. சை. அமலோர்பவதாஸ் இந்நகரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்துக்கே ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

2. முன்கதை: தரங்கம்பாடியும் வட்டுக்கோட்டையும்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, தமிழ் எழுதப் பழகியது பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால். முதிய வாத்தியார் ஒருவர் தம் பள்ளியையே அவர் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். 1716இல் உபதேசியார்களைப் பயிற்றுவிக்க அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றது 1733இல். மிஷன் வந்திறங்கி 27 ஆண்டுகள் கழித்து!

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையின் கதை இன்னும் சிக்கலானது. அமெரிக்க மிஷன் 1823இல் டேனியல் பூரின் தலைமையில் அங்கே நிறுவிய செமினரி வானியலும் கணிதமும் ஆங்கிலமும் தமிழும் கற்பித்தது. அதன் தரத்துக்கு ஒரு சான்று போதும்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் மிஷனின் தலைமைக்கு அது தோல்வியாகவே பட்டது. ஆங்கிலம் கற்றவர்கள் அரசு வேலைக்குப் போனார்கள். ஊழியத்துக்கு வந்தவர்கள் குறைவு. 1855இல் மிஷன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் வந்து பார்த்தார், செமினரி மூடப்பட்டது. தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஆசிரியர்கள் காட்டிய வழியை விட்டுவிட்டு அவர்கள் கொடுத்த கருவிகளோடு மாணவர் வேறு வழி போனார். தமிழுக்கு அது லாபம். மிஷன் கணக்குப் புத்தகத்தில் அந்த லாபத்தை எழுத எந்தப் பத்தியும் இருக்கவில்லை.

3. 1910: ஏன் பெங்களூர்?

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அங்கே எழுந்து, மிஷனரிகளின் தியாகத்தை மெச்சிவிட்டு, எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்று சொன்னார். அவையில் பலருக்கு அது சுட்டது. அடுத்த மாதமே, ஜூலையில், பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் அசரியா கேட்டதை வைத்து இந்தக் கல்லூரியை அளப்பது நியாயம்தான்.

வெவ்வேறு நாட்டு, வெவ்வேறு சபை மிஷன்கள் சேர்ந்து நடத்திய கல்லூரி அது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நான்கு திசையிலிருந்தும் மாணவர் வர வேண்டும். எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் கண்டோன்மென்ட் நகரம் இருந்தது. நான்கு மொழிக்காரர் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். செராம்பூர் கல்லூரிக்கு டென்மார்க் அரசர் 1827இல் கொடுத்த பட்டயமும் 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டமும் அதோடு இணைந்த இக்கல்லூரிக்கும் இறையியல் பட்டத்துக்கு வழி திறந்தன. பட்டம் என்றால் தேர்வு, தேர்வு என்றால் மறுபடியும் ஆங்கிலம். அயல்நாட்டு ஆசிரியருக்கு இது பெரிய வசதி. மாணவனின் மொழியை அறியாமலே ஒரு பணிக்காலத்தை அவர் முடித்துவிடலாம்.

4. லார்சன் ஐயர்

முதல் முதல்வரான எல். பி. லார்சன் அந்த வசதியோடு நிற்கவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த அவர் 1889இலேயே சென்னைக்கு வந்துவிட்டவர். பெங்களூருக்கு வருமுன் டேனிஷ் மிஷனிலும் ஒய்.எம்.சி.ஏ.விலும் வேலை செய்தார். அந்த நாட்களில் அவருடைய அன்றாடம், படித்த இந்துக்களோடு பேச்சு. மறுத்துப் பேசுகிறவர்கள் நடுவே 20 ஆண்டுகள் இருந்தவர், தலையாட்டும் மாணவர்கள் நடுவே வந்தார் என்று சொல்லலாம். ஆற்றுப்படையின் நிபந்தனையை முழுதாக இல்லாவிட்டாலும் பாதியாவது நிறைவேற்றிய ஆள்.

முதல்வர் பொறுப்பை விட்ட பின் அவர் எடுத்துக்கொண்ட வேலைதான் என் வாதத்துக்கு முக்கியம். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பணி அது. உடன் உழைத்தவர் ஜி. எஸ். துரைசாமி. வகுப்பறையில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், இப்போது ஒவ்வொரு வினைமுற்றுக்கும் வேற்றுமை உருபுக்கும் ஒரு தமிழரின் காதை நம்பி இருக்க வேண்டியவரானார். 1936இல் வெளிவந்த அந்தத் திருத்தத்தைச் சபைகள் பெரும்பாலும் ஏற்கவில்லை. பழகிய நடையை விட மக்களுக்கு மனம் வரவில்லை. இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் பவர் திருப்புதலே கையிலிருக்கிறது. வேதாகமம் என்ற அளவில் அது தோற்ற நூல். ஆசிரிய மாணவ உறவு தலைகீழாகி நின்றதற்குச் சான்று என்ற அளவில், இந்த வரலாற்றில் அதற்கு இணையாக எனக்கு வேறொன்று தெரியவில்லை.

ஆனாலும் ‘லார்சன் திருப்புதல்’ என்றே அதைச் சொல்கிறோம். துரைசாமி திருப்புதல் என்று யாரும் சொல்வதில்லை.

இந்திய ஆசிரியர்கள் வராமலில்லை. சென்னையில் பிறந்த பால் தேவானந்தன் 1930களிலும் 40களிலும் இங்கே சமயங்களின் வரலாறு கற்பித்தார். ஆனால் முதல்வர் நாற்காலியில் இந்தியர் ஒருவர், ஜே. ரசல் சந்திரன், அமர்ந்தது 1954இல். அதற்கு 44 ஆண்டுகள் பிடித்தன. தரங்கம்பாடியைவிட 17 ஆண்டு அதிகம். இத்தனை பட்டதாரிகளை உருவாக்கிய கல்லூரிக்கு இவ்வளவு காலம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

5. போனவர், தங்கியவர்

லார்சனின் நாட்டவரே இன்னொருவர், காய் பாகோ. 1960களில் இக்கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்தார். மேற்கத்திய உருவுக்கு வெளியே இந்தியர்கள் கிறிஸ்துவைத் தேடிய முயற்சிகளை ஆவணங்களில் துருவினார்; ஆந்திரத்தின் சுப்பாராவ் இயக்கத்தைப் பற்றி 1968இல் ஒரு நூலும், சுதேசக் கிறிஸ்தவ முன்னோடிகளைப் பற்றி 1969இல் ஒரு நூலும் எழுதினார். 1966இல் அவர் எழுதிய கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. மிஷன்களின் காலம் முடிந்தது, கிறிஸ்துவைப் பின்பற்ற ஒரு இந்து கிறிஸ்தவ சமயத்துக்குள் வந்தாக வேண்டியதில்லை என்பது அதன் சாரம். பின்னர் அவர் மிஷனரிப் பணியை விட்டு டென்மார்க்கின் அரசுப் பணிக்குப் போனார். வழி தெரியாதவன் வழிகாட்ட நிற்கக் கூடாது என்பதை அவர் தம் வாழ்க்கையிலேயே செய்து காட்டியதாக நான் படிக்கிறேன். வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு.

எதிர்த் திசையில் போனவர் கேப்ரியல் டீட்ரிச். பெர்லினில் பிறந்து, 1970களின் தொடக்கத்தில் பெங்களூரின் சமய, சமூக ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். பிறகு மதுரை அரசரடியில், 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குப் போனார். தமிழ்வழிக் கல்வியைக் கொள்கையாகவே கொண்ட கல்லூரி அது. நாட்டுப்புறப் பாட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு கற்பித்த இடம். டீட்ரிச் பெண்ணுரிமை இயக்கத்தில் குடிசைப் பகுதிப் பெண்களோடு நின்றார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். மாணவர் போகும் வழியில் தாமும் நடந்துவிட்டால், ஆசிரியர் எங்கே பிறந்தார் என்ற கேள்வி வலுவிழக்கிறது.

6. இன்றைய நிலை

பயணத்தின் திசை இப்போது பாதி மாறிவிட்டது. மதுரைக் கல்லூரியில் முதல்வராக இருந்த எம். தாமஸ் தங்கராஜ் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1994இல் ‘குரு’ என்ற தமிழ்ச் சைவக் கருத்தை வைத்தே கிறிஸ்துவை விளக்கும் நூலை எழுதினார். பெங்களூரில் கற்பித்த சத்தியநாதன் கிளார்க் வாஷிங்டனில் கற்பிக்கப் போனார். அமெரிக்க மாணவனின் வழியை இவர்கள் எவ்வளவு நடந்திருந்தார்கள் என்ற அதே கேள்வியை அங்குள்ளவர்கள் கேட்டால் நாம் கோபப்படக் கூடாது.

இங்கே சில வாரங்களுக்கு வந்து போகும் வருகைப் பேராசிரியர்கள் இன்று அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; நல்ல பாடம் நல்ல பாடம்தான். அதற்கு ஆற்றுப்படுத்தல் என்று பெயர் வைக்க வேண்டாம் என்பதே என் முடிவு. வார நாட்களில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிவிட்டு, ஞாயிறு காலை நகரின் தமிழ்ச் சபைக்குப் பிரசங்கத்துக்குப் போகும் மாணவனுக்கு அந்த வேலையை இன்று செய்கிறவர்கள், அந்தச் சபையின் மூத்த ஆயரும் பெண்கள் ஐக்கியத்துப் பெரியம்மாக்களும்தான். செமினரியின் சம்பளப் பட்டியலில் அவர்கள் இல்லை.

மில்லர்ஸ் சாலைக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் மிஷன்களின் காகிதங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அயல்நாட்டு ஆசிரியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷிகளின் குரல் அவற்றில் குறைவு. உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ முன்ஷியாகவோ உபதேசியாராகவோ இருந்திருந்தால், பெட்டியில் கிடக்கும் அவருடைய கடிதங்களையும் நோட்டுகளையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாமல் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒக்கலிபுரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான்.