காகிதத்துக்கு ஒரு வெளிச்சம், கணினிக்கு ஒரு வெளிச்சம்



சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், ஆபீஸ்ல பகல் மாதிரி லைட் எரியுது. ஆனாலும் நாலு மணிக்கே கண்ணு எரியுது, தலை வலிக்குது. ஏன் சார்?" உங்களில் பலருக்கும் இதே தொல்லை இருக்கும். பதில் வரலாற்றில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரிக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை மின்சாரத்தை நம்பிக் கட்டியவை அல்ல. உயரமான கூரை, ஆள் உயரச் சன்னல், வெயிலைத் தடுக்கத் தாழ்வாரம். குமாஸ்தாவுக்குச் சன்னல் ஓரமே நல்ல இடம். அதிலும் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும். அப்போதுதான் எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. எங்கள் ஆசிரியர் பயிற்சியில் வகுப்பறைக்குச் சொன்ன விதியும் இதுதான்.

1938-இல் அமெரிக்காவில் டியூப் லைட் விற்பனைக்கு வந்தது. குண்டு பல்பைவிட மின்செலவு குறைவு, வெளிச்சம் அதிகம். 1962-இல் நம் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின் உற்பத்தி தொடங்கியது. மின்சாரம் பரவப் பரவ, மேசைகள் சன்னலை விட்டு அறையின் நடுவுக்கு நகர்ந்தன. கூரையில் வரிசையாக டியூப் லைட் தொங்கியது. மேசையில் படுக்கையாகக் கிடக்கும் காகிதத்துக்கு, மேலிருந்து விழும் அந்த வெளிச்சம் பொருந்தியது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண் அதை உணராது, ஆனால் நரம்பு உணரும். 1989-இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் ஓர் அலுவலகத்தில் இதை ஆராய்ந்தார்கள். அந்த நடுக்கம் இல்லாத மின்னணு சோக்குக்கு மாற்றியபோது, தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே இறங்கின.

அடுத்து கணினி வந்தது. காகிதம் படுத்திருக்கும், திரையோ நிமிர்ந்து நிற்கும், தானே ஒளியும் விடும். கூரை விளக்கு திரையில் பளபளவென்று தெரியும். அதோடு போராடித்தான் கண் களைத்துப்போகிறது. வேலை திரைக்குப் போய்விட்டது, விளக்கு மட்டும் காகிதக் காலத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் தலைவலிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு எல்.இ.டி. நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கி, அந்த விளக்கு நம் வீடுகளுக்கும் மலிவாக வந்தது.

ஒரு கணக்கு போடுவோம். பழைய டியூப் சோக்கோடு சேர்த்துச் சுமார் 50 வாட். எல்.இ.டி. டியூப் 20 வாட். மிச்சம் 30. இருபது விளக்கு உள்ள அலுவலகத்தில், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் மிச்சம் 1,200 யூனிட். ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி என்று வைத்தாலும், ஒரு டன்னுக்கு மேல் நெய்வேலி மண்ணிலேயே தங்கும். அதற்காக நிலத்தையும் ஊரையும் விட்டுப் போனவர்கள் நம் பக்கத்து மக்கள் என்பதை மறக்கக் கூடாது.

விளக்கு மலிவாகிவிட்டதே என்று இரண்டு மடங்கு மாட்டினால் அந்த மிச்சமும் போகும், கண்ணும் கெடும். அலுவலக வேலைக்கு 300 முதல் 500 லக்ஸ் போதும். ஆகவே பிள்ளைகளே:

1. சன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். திரைக்குப் பின்னாலும் வேண்டாம், உங்கள் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம்.
2. கூரை வெளிச்சத்தைக் குறைத்து, காகிதம் பார்க்க மட்டும் ஒரு மேசை விளக்கு வையுங்கள்.
3. போன் கேமராவில் விளக்கைப் பாருங்கள். கோடு கோடாக ஓடினால் அந்த விளக்கு நடுங்குகிறது, மாற்றச் சொல்லுங்கள்.
4. சன்னல் ஓர வரிசைக்குத் தனி சுவிட்ச் கேளுங்கள். பகலில் அணைத்துவிடலாம்.

கண்ணுக்குச் சுகமானதும் மின்சாரத்துக்குச் சிக்கனமானதும் இங்கே ஒன்றுதான்.

2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்குப் புதுப்புது அலுவலகங்கள் தேவைப்படுகின்றன. பொறியாளர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கும் என் மாணவர்களே, வரைபடம் மேசைக்கு வரும்போது முதலில் சன்னல் எங்கே என்று கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் விளக்கை மட்டும்தான் மாற்ற முடியும்.

உங்கள் அலுவலகத்தில் வெளிச்சம் எப்படி? கீழே எழுதுங்கள். கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாழ்க நலமுடன்.