குணா பாட்டும் நோர்வூட் பெரியவரும்

அண்மையில் நோர்வூட் சென்றிருந்தபோது, தோட்ட லயமொன்றில் நண்பர் வீட்டில் ‘மஞ்ஞும்மல் போய்ஸ்’ திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது. கொடைக்கானல் குகைக்குள் விழுந்தவனை நண்பன் மீட்டெடுக்கும் கட்டத்தில் ‘கண்மணி அன்போடு காதலன்’ ஒலித்தது. அருகில் இருந்த நண்பரின் தந்தையார் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் காரணம் கேட்டேன்.

“படத்துக்காக இல்லைங்க ஐயா. எங்க அண்ணன் அந்தக் கொடைக்கானல்லதான் வெறகு வெட்டிக்கிட்டுக் கெடந்தாரு. அங்கயே செத்தும் போனாரு. இந்தப் பாட்டு ரேடியோவுல வந்தா எனக்கு அவரு நெனப்புத்தான்.”

அவருடைய அண்ணன் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பலர் குடியேறினர். கூலி வேலையும் குளிரும் அங்கும் தொடர்ந்தன.

திரைப்படங்கள் பழைய பாட்டை எடுத்தாளும் விதம் இரு கட்டங்களைக் கண்டிருக்கிறது. முதலாவது ‘ரீமிக்ஸ்’ காலம். 1983இல் ‘அடுத்த வாரிசு’ படத்துக்கு இளையராஜா அமைத்த ‘ஆசை நூறு வகை’யை 2003இல் ‘குறும்பு’ படத்தில் அவருடைய மகன் யுவன் சங்கர் ராஜா புதுப்பித்தார். 1964ஆம் ஆண்டின் ‘படகோட்டி’ப் பாடலான ‘தொட்டால் பூ மலரும்’ 2004இல் ‘நியூ’ படத்தில் ஏ. ஆர். ரகுமானின் கையில் வேறு உருவம் பெற்றது. பழைய மெட்டுக்குப் புதிய தாளம் என்பதே அப்போதைய நோக்கம்.

இரண்டாவது கட்டத்தில் பாட்டு பாத்திரத்தின் நினைவாகிறது. 2018இல் வந்த ‘96’ படத்தில், ‘தளபதி’யின் ‘யமுனை ஆற்றிலே’ பாடலைப் பாடும்படி பள்ளிக் காலத்தில் நாயகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆண்டுகள் பல கழிந்து, மின்சாரம் நின்றுபோன இரவொன்றில்தான் அவள் பாடுகிறாள். ‘மஞ்ஞும்மல் போய்ஸ்’ (2024) இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1991ஆம் ஆண்டின் ‘குணா’வுக்காக வாலி எழுதிய காதற் பாட்டு, இயக்குநர் சிதம்பரத்தின் கையில் நட்பின் பாட்டாகிவிட்டது.

பழகிய மெட்டின் வலிமையை எங்கள் மலையகம் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடல் நூலை வெளியிட்டார். தொழிலாளர் அறிந்த மெட்டுகளில் அவர்களுடைய துயரையே அமைத்து, கூட்டங்களில் தாமே பாடினார். மெட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருந்தமையால் செய்தி எளிதில் உள்ளே சென்றது. இன்றைய இயக்குநர்கள் கையாள்வதும் அதே வழிதான்.

இலங்கையின் சொந்தப் பொப்பிசையும் தமிழகத் திரைக்குச் சென்றதுண்டு. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் ஒலித்தது. மீனாட்சி அம்மாளின் பாடல்களுக்கோ அத்தகைய மறுபிறவி வாய்க்கவில்லை. அவற்றைக் கேட்டவுடன் கலங்கும் கண்கள் இன்று லயங்களில் அரிது. திரும்பத் திரும்ப ஒலித்த பாட்டுக்கே நினைவாகும் பேறு கிட்டுகிறது.

2024 மே மாதத்தில் குணா பாட்டுக்காகத் தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பு வழக்கறிஞர் அறிவித்தல் அனுப்பியது. ஆக்கியவரின் உரிமையை நான் மறுக்கவில்லை. உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதைத் தோட்டத்து மனிதருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பெரியவர் ‘குணா’வைப் பார்த்ததே இல்லை. பாட்டு வானொலி வழியாக லயத்துக்குள் வந்தது; அதற்குரிய காட்சியை அவரே அமைத்துக்கொண்டார். அதில் கமலஹாசன் இல்லை. விறகுச் சுமையோடு மலையேறும் ஓர் அண்ணன் மட்டுமே இருக்கிறார்.