மறை 17 பாகை: கண்டிச் சரிவுகளில் மின்கலச் சூடு பற்றிய ஒரு மறுவாசிப்பு

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிசான் லீஃப் கார் விற்பனைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்னர், அந்நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவில் தயாரிப்புப் பொருள் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்த மார்க் பெர்ரி 'வயர்ட்' இதழிடம் ஒரு கருத்தைச் சொன்னார். அமெரிக்காவுக்கான வண்டியில் பற்றரியின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தத் தனி ஏற்பாடு தேவையில்லை, டுபாய் போன்ற இடங்களுக்கு வேண்டுமானால் அதைப் பற்றி ஆராய்ந்து வருகிறோம் என்பது அதன் சாரம். பெர்ரியின் கூற்றை அவருடைய எதிராளிகள் பின்னாளில் ஒரு கணிப்புப் பிழையாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு வாசிப்பு முறையாகத் தெரிகிறது. உலகத்தைச் சூடான ஊர், குளிரான ஊர், இரண்டுமற்ற ஊர் என்று பிரித்து, பற்றரியின் தலைவிதியை அந்தந்த ஊரின் பெயரில் எழுதிவிடும் முறை அது. கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதியிலும் பழைய லீஃப் வாங்கி விற்போர் இன்றுவரை பேசுவதும் இதே முறையில்தான்: "இது குளிர் நாட்டுக்குச் செய்த வண்டி, இங்கே வெக்கைதான் பற்றரியைத் தின்னும்."

இந்தப் பகுப்பை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெக்கை பற்றரியைக் கெடுக்காது என்று நான் வாதிடவில்லை. பற்றரியைச் சூடாக வைத்திருப்பதன் வரலாற்றை ஊர்வாரியாக எழுத முடியாது என்பதும், அப்படி எழுதினால் மத்திய மலைநாடு போன்ற ஓர் இடம் கணக்கிலேயே வராமல் போகும் என்பதும்தான் என் வாதம்.

பெர்ரிக்கு முந்திய வரலாறு தெரிந்ததே. எடிசன் பல ஆண்டுகள் உழைத்து 1909இல் செம்மைப்படுத்திய நிக்கல்-இரும்பு மின்கலம் உறுதியானது, நீண்ட ஆயுள் கொண்டது. குளிரில் மட்டும் சோர்ந்துவிடும். அக்காலத்தில் அதற்கிருந்த எளிய மருந்து வண்டியைச் சூடான கொட்டகையில் நிறுத்துவது. சூடு இடத்துக்குரியதாக இருந்தது, வண்டிக்குரியதாக அல்ல. 1996இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் ஈவி1 காரைக் கலிபோர்னியாவின் தென்பகுதியிலும் அரிசோனாவிலும் மட்டும் குத்தகைக்கு விட்டதற்குச் சட்டக் காரணங்களும் உண்டு. ஆயினும் குளிர் பிரதேசத்தைத் தொடாமல் விட்டது, அதே கொட்டகையை ஒரு மாநில அளவுக்குப் பெரிதாக்கியது போலத்தான். இதற்கு முற்றிலும் எதிர்த்திசையில் நின்றது ஸெப்ரா எனப்படும் சோடியம்-நிக்கல் குளோரைட்டு மின்கலம். அது வேலை செய்வதே 270 பாகை செல்சியசுக்கு மேல். நோர்வேயின் திங்க் சிற்றி கார்களில் பொருத்தப்பட்ட அந்தப் பற்றரிக்கு வெளியே பனி கொட்டினாலும் கவலையில்லை. ஆனால் சில நாள் மின்சாரத்தில் இணைக்காமல் விட்டால் உள்ளிருக்கும் உப்பு உறைந்துவிடும், மீண்டும் சூடாக்கி எழுப்ப ஒரு நாளுக்கு மேலாகலாம். தன் தட்பவெப்பத்தைத் தானே சுமந்து திரிந்த முதல் வாகனப் பற்றரிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம் என்று கருதுகிறேன். பெர்ரியின் பகுப்புக்குள் இதற்கு இடமே இல்லை.

இனி லீஃபுக்கு வருவோம். 24 அலகு (கிலோவாட்-மணி) கொள்ளளவுள்ள அந்தப் பற்றரி ஏறத்தாழ 300 கிலோ எடை கொண்டது, இருக்கைகளுக்கடியில் மூடிய பெட்டிக்குள் இருப்பது. குளிர்நீர்க் குழாய் கிடையாது, விசிறியும் கிடையாது. 2010 டிசம்பரில் வெளிவந்த ஷெவ்ரொலே வோல்ட் தன் பற்றரியை ஓடும் திரவத்தால் குளிர்வித்தது, தேவைப்பட்டபோது சூடாக்கவும் செய்தது. பெர்ரியின் பக்கம் நின்று சொல்வதானால், நிசானின் தெரிவில் நியாயம் உண்டு: குறைந்த எடை, குறைந்த விலை, ஒழுகுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய கூற்று எந்தப் பக்கத்தில் முதலில் உடைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2012 கோடையில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்து லீஃப் சொந்தக்காரர்கள் தங்கள் வண்டிகளின் கொள்ளளவுக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதாக முறையிட்டதே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நிசான் சில வண்டிகளை எடுத்துச் சோதித்ததும், 12 கோடுகளில் 9க்குக் கீழே போனால் திருத்தித் தருவதாக 5 ஆண்டு அல்லது 60,000 மைல் உத்தரவாதம் அறிவித்ததும் அதன் தொடர்ச்சி. அதற்கும் முன்னதாக, 2011இலேயே, அமெரிக்க லீஃபுக்குக் குளிர்காலத் தொகுதி ஒன்று சேர்க்கப்பட்டுவிட்டது. சூடாகும் இருக்கையும் சூடாகும் சுக்கானும் அதில் இருந்தன. கூடவே, பற்றரிக்கென ஒரு சூடாக்கியும். 2012 மாதிரி முதல் அது அமெரிக்க வண்டிகள் எல்லாவற்றிலும் இடம்பெற்றது. ஆக, 'தேவையில்லை' என்ற தீர்ப்பு வெக்கையில் விழுவதற்கு முன்பே குளிரில் விழுந்திருந்தது. பெர்ரி குளிரூட்டலை மட்டும் மனதில் வைத்துப் பேசியிருக்கலாம் என்று அவருக்காக ஒருவர் வாதிடலாம். அப்படியானாலும் என் மறுப்பு வலுக்கவே செய்யும். சூடாக்குவதையும் குளிர்விப்பதையும் இரு வேறு கேள்விகளாக அவர் எண்ணியதுதான் சிக்கலின் வேர்.

இங்கே ஒரு பாடபேதத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. லீஃபின் உரிமையாளர் கைநூலில் பற்றரிச் சூடாக்கி பற்றிய சிறு பகுதி ஒன்று உண்டு. பற்றரி உறைவதைத் தடுப்பதும், வண்டியின் வலு பெருமளவு குறையாமல் காப்பதும் அதன் பணி என்று அப்பகுதி சொல்கிறது. சூடாக்கி எப்போது தானாகத் தொடங்கும் என்பதில்தான் பதிப்புகள் வேறுபடுகின்றன. முற்பட்டவற்றில் மறை 20 பாகை என்றும் பிற்பட்டவற்றில் மறை 17 பாகை என்றும் காணப்படுகிறது. நிற்கும் இடம் மாறவில்லை, மறை 10 பாகை. இந்த மாற்றத்தை 2013 மாதிரியின் மறுவடிவமைப்போடு சேர்த்துப் பார்க்கவே நான் விரும்புகிறேன், அதற்கு மேல் நாளை இறுக்கிச் சொல்லத் துணியவில்லை. மூன்று பாகை என்ன பெரிய வித்தியாசம் என்று கடந்துபோகலாகாது. தொடங்கும் புள்ளி மேலே நகர்கையில் நிற்கும் புள்ளி அசையாமல் இருப்பது, வடிவமைத்தவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதைக் காட்டுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 300 கிலோ பற்றரியை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 0.08 அலகு மின்சாரம் வேண்டும். மறை 17இலிருந்து மறை 10 வரை கொண்டுபோக சுமார் 0.6 அலகு போதும், மின்சாரப் பட்டியலில் தெரியாத தொகை. ஆனால் மறை 10இல் நிற்கும் லித்தியம் பற்றரி வேகமாகச் சார்ஜ் ஏற்றத் தகுதியானதல்ல. பூச்சியத்துக்குக் கீழே அவசரமாக ஏற்றினால் லித்தியம் அயன்கள் கரிமுனைக்குள் நுழைய முடியாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் மீளாது. எனவே லீஃபின் சூடாக்கி வண்டியை ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்தும் கருவியல்ல. பற்றரிக்குள் இருக்கும் திரவம் உறையாமலும் வலு பெருமளவு குறையாமலும் காக்கும் கருவி மட்டுமே. மறை 25 பாகைக்குக் குறைந்த இடத்தில் ஏழு நாளுக்கு மேல் வண்டியை விட்டுவைக்காதீர்கள் என்று அதே கைநூல் எச்சரிப்பதும் இதையே உறுதிப்படுத்துகிறது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் பின்வந்த வளர்ச்சி விளங்கும். 2016இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாவோ-யாங் வாங் குழுவினர் 'நேச்சர்' இதழில் விவரித்த மின்கலத்துக்குள் மெல்லிய நிக்கல் தகடு ஒன்று இருந்தது. மறை 20 பாகையிலிருந்து பூச்சியத்துக்கு 20 விநாடியில் அது தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டது, அதற்குச் செலவானது கொள்ளளவில் 3.8 சதவீதம். டெஸ்லா மொடல் 3இல் பற்றரிக்கெனத் தனிச் சூடாக்கியே இல்லை. மோட்டாரின் சுருள்களில் வேண்டுமென்றே வீண்வெப்பத்தை உண்டாக்கி அதைத் திரவத்தின் வழியே பற்றரிக்கு அனுப்பினார்கள். இவை இரண்டும் உயிர்காப்பு வகையைச் சேர்ந்தவை அல்ல, ஆயத்த வகையைச் சேர்ந்தவை. பெர்ரியின் ஊர்வாரிப் பகுப்பு இவ்விரு வகைகளையும் 'குளிர் நாட்டுச் சரக்கு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடும்.

கண்டிக்கு லீஃப் வந்தது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய பழைய வண்டியாக. 2015 அளவில் மின்வாகனங்களுக்கு வரி குறைவாக இருந்தபோது இலங்கைக்குள் நிறையவே இறங்கின, பிறகு வரி ஏறியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்க வருபவர் கேட்கும் முதற்கேள்வி "எத்தனை பார் இருக்கு?" என்பதே. முகப்பில் சார்ஜ் அளவின் ஓரமாக நிற்கும் அந்தச் சிறு கோடுகள்தான் வண்டியின் சாதகம். முதல் கோடு மறைய 15 சதவீதம் இழப்பு வேண்டும் என்பதால் 12 பார் உள்ள வண்டி புதிது போன்றது என்று நம்பிவிட முடியாது. கொஞ்சம் விவரமானவர்கள் லீஃப் ஸ்பை செயலியைப் போட்டு எஸ்.ஓ.எச். எனும் பற்றரி நலநிலை எண்ணைப் பார்ப்பார்கள். அந்த எண் சொல்லாத ஒன்று உண்டு. வண்டி ஹொக்கைடோவின் பனியில் இருந்ததா, ஒக்கினாவாவின் வெயிலில் இருந்ததா என்பது அதில் வராது. கண்டி வெக்கை தின்றது என்று நாம் சொல்லும் கோடுகளில் சில கப்பல் ஏறுமுன்பே தின்னப்பட்டிருக்கலாம்.

இனி மலையேற்றம். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறும் வீதியில் ஆட்களோடு 1,700 கிலோ வரும் வண்டிக்கு, உயரத்தை வெல்ல மட்டும் 6 அலகுக்கு மேல் செலவாகும். புதிய பற்றரியில்கூட அது கால் பங்கைத் தாண்டும். வழிநெடுகப் பற்றரிக்குள் வீணாகும் சக்தி அதை 5 முதல் 10 பாகை வரை சூடாக்கும் என்பது என் மதிப்பீடு. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் ஓட்டுநர் வெக்கையிலிருந்து கம்பளிக்கு மாறுகிறார். பற்றரியோ அந்த நேரத்தில் இன்னும் சூடாகிறது. ஊரின் தட்பவெப்பம் வேறு, பற்றரியின் தட்பவெப்பம் வேறு என்பதற்கு கண்டியிலிருந்து நுவரெலியா வரையான இந்த 77 கிலோமீற்றரை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மலைநாட்டில் குளிர் தன்னைக் காட்டுவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவின் விடியல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில நாட்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். அந்த நேரத்தில் இறங்கும் வண்டியின் முகப்பில், மீட்புச் சக்தியைக் காட்டும் வட்டங்கள் வழக்கத்தை விடக் குறைவாகவே தெரியும். குளிர்ந்த பற்றரி வேகமாகச் சார்ஜ் ஏற்க மறுக்கிறது. மோட்டார் பிடித்துக் கொடுக்க வேண்டிய தடை கிடைக்காமல், சுமை முழுவதும் பிரேக் பட்டையின் மேல் விழுகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாரதிகளின் பழைய சட்டம். லீஃபில் அந்தக் கியரின் இடத்தில் இருப்பது பிற்பட்ட மாதிரிகளின் பி நிலை. பற்றரி ஏற்காவிட்டால் அதுவும் கைகொடுக்காது.

என் வாதத்தின் மெலிந்த இடம் இதுதான், அதனால்தான் இங்கே அழுத்திப் பேச வேண்டியிருக்கிறது. மாலையில் கண்டியிலிருந்து சூடாக ஏறிய 300 கிலோ பற்றரி ஓரிரவில் சில பாகைகளே குளிரும். வெளியே 8 பாகையாக இருந்தாலும் உள்ளே 20க்கு அருகில் நிற்கலாம். ஆகவே ஓரிரவு தங்கித் திரும்பும் வண்டியில் வட்டங்கள் குறைந்தால் அதற்குக் குளிர் காரணமா, இரவு முழுக்க ஏற்றி 100 சதவீதத்தில் நிற்பது காரணமா என்று பிரித்தறிவது கடினம். நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற முடியாது. நாட்கணக்கில் மலையிலேயே நின்ற வண்டியில்தான் குளிரின் பங்கு தனித்துத் தெரியும். இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன என்பது என் முடிவு, எது எவ்வளவு என்று பங்கு போட நான் தயாரில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருப்பது கவனிக்கத்தக்கது. 80 சதவீதத்தில் நிறுத்தும் நிலையை வைத்து, சார்ஜ் ஏறுவது புறப்படும் நேரத்துக்குச் சற்று முன் முடியுமாறு நேரம் குறித்தால், ஏறும் மின்சாரமே பற்றரியைச் சற்று சூடாக்கும், மேலே கொள்ள இடமும் மிஞ்சும். மறை 17இல் விழிக்கும் சூடாக்கி இந்த மலையில் ஒருபோதும் விழிக்கப்போவதில்லை. நேரக்கணக்கே இங்கே சூடாக்கி.

பெர்ரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மூடிய பெட்டி சூட்டை வெளியே விடாது என்பதால் பீனிக்ஸில் அது கேடாயிற்று. அதே பெட்டி, நுவரெலியாவின் இரவில் கண்டியின் சூட்டைக் காத்து வைக்கிறது. ஒரே வடிவமைப்பு ஓரிடத்தில் குற்றமும் ஓரிடத்தில் காப்புமாக இருக்கிறது என்றால், 'தேவை' என்பதை ஊரின் பெயரால் அளக்க முடியாது. நிசானே இதை வந்தடைய நாளாயிற்று. 2017இன் இரண்டாம் தலைமுறை லீஃபும் பழைய வழியிலேயே நின்றது. திரவத்தால் பற்றரியைப் பேணும் ஏற்பாடு லீஃபுக்குள் வந்தது 2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில்தான்.

இறக்குமதி திறந்தபின் கண்டி வீதிகளில் பி.வை.டி. கார்கள் கண்ணில் படத் தொடங்கியுள்ளன. அவற்றின் பிளேட் பற்றரி லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை. வெக்கையைத் தாங்குவதிலும் ஆயுளிலும் அது லீஃபின் பழைய வேதியியலை விட உறுதியானது, குளிரில் சார்ஜ் ஏற்பதில் அதைவிடத் தயக்கமானது. வெக்கைப் பேச்சோடு வாங்கப்படும் அந்த வண்டிகள் முதல் ஜனவரி விடியலில் றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது, அவற்றின் முகப்பில் மீட்புச் சக்தி எவ்வளவு தெரிகிறது என்பதை, பற்றரியின் சூட்டோடும் சார்ஜ் அளவோடும் சேர்த்து யாராவது குறித்து வைத்தால், மேலே நான் பங்கு போடாமல் விட்ட கணக்கைப் போட முடியும்.