சிங்கப்பூர்ப் படை நாய்களும் உண்ணி நோயும்

‘உண்ணி’ என்பது, ‘உண்’ என்னும் பகுதியோடு வினைமுதற் பொருளை உணர்த்தும் ‘இ’ விகுதி சேர்ந்து அமைந்த சொல். பிறிதோர் உயிரின் குருதியை உண்டு வாழும் சிற்றுயிர்க்கு அப்பெயர் மிகப் பொருந்தும். எனினும், அது குருதியை உண்பதோடு நில்லாமல் அக்குருதியில் நோயையும் விதைக்கும் என்பதை உலகம் அறிய நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு.

1893-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர், மாடுகளைக் கொன்றுவந்த டெக்சாஸ் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று நிறுவினர். 1901-இல் தென்னாப்பிரிக்காவில் பூச்சியியல் அறிஞர் லவுன்ஸ்பரி, நாய்களுக்கு வரும் கொடிய காமாலைக்கும் உண்ணியே காரணம் என்று காட்டினார். 1935-இல் அல்ஜீரியாவின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில், உண்ணி மொய்த்த நாய்களின் வெள்ளணுக்களில் வேறொரு நுண்ணுயிர் காணப்பட்டது. அது பின்னாளில் ‘எர்லிக்கியா கேனிஸ்’ எனப் பெயர் பெற்றது. ஆயினும் அந்நோய் அன்று உலகின் கவனத்தைப் பெறவில்லை.

1963-இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படையின் நாய்களிடையே இனந்தெரியாத நோயொன்று தோன்றியது. காய்ச்சல் கண்டது; உடல் மெலிந்தது; ஈறு வெளிறியது; மூக்கிலிருந்து குருதி பெருகியது. இது புதியதொரு நோய் என்றே 1967-இல் இங்கிலாந்தின் கால்நடை மருத்துவ ஏடு எழுதிற்று. அடுத்து, 1968 முதல் 1970 வரை வியட்நாமில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இதே நோயால் மாண்டன. 1970-இல் ஹக்ஸாலும் அவர்தம் துணைவரும் அந்நாய்களின் குருதியை ஆராய்ந்து, அல்ஜீரியாவில் கண்ட அதே நுண்ணுயிரே காரணம் என்று தெளிந்தனர். டெட்ராசைக்ளின் மருந்து பயன் தந்தது. 1975-இல், பழுப்பு நாயுண்ணியே இந்நோயைக் கடத்துகிறது என்பதும் உறுதியாயிற்று.

கடத்தும் முறை கருதத்தக்கது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சில் இந்நோய் இல்லை. நோயுற்ற நாயைக் கடித்த பின்னரே அது நோயேற்கிறது. தோலுரித்து வளர்ந்தபின் மற்றொரு நாய்க்கு அதனைத் தருகிறது. குருதி குடித்துப் பருத்த பெண்ணுண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஒளிந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆதலின் நாயை மட்டும் ஆராய்ந்து கூட்டை மறந்தால், பாதி வேலையே முடிந்ததாகும்.

காதின் உட்புறம், கழுத்து, முன்னங்கால் இடுக்கு, விரலிடை ஆகிய இடங்களை நாள்தோறும் கைவிட்டுத் தடவிப் பார்த்தல் வேண்டும். ஒட்டிய உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்தல் வேண்டும். அதை விரலால் நசுக்குதலும், மண்ணெண்ணெய் ஊற்றுதலும், நெருப்பால் சுடுதலும் ஆகா. உண்ணிக்கொல்லி மருந்துகள் இன்று பல உள. அவற்றைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் தவறாது இடல் நன்று.

நோயேறிய நாய் பல மாதம் நலமுடையது போலவே திரியும். மூக்கில் குருதி கண்டபின் ஓடுவதால் பயன் குறைவு. படை நாய்கள் பல மடிந்தபின் அறிஞர் கண்ட இவ்வுண்மை, தோட்டப்புற வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் உரியதே.