மோட்டார் வண்டியும் இன்னொலியும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்க்கு, வீட்டு வாயிலைத் தாண்டிய பின் தாய்மொழி காதில் விழுவது அரிது. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதியில் குடியிருந்து, நாள்தோறும் நெரிசல் மிக்க வீதிகளில் காரோட்டி அலுவலகம் செல்லும் ஒருவருக்கு, அந்த வண்டியே தமிழ்ப் பாட்டும் பேச்சும் கேட்கும் அறையாகி விடுகிறது. அங்கே 'பழம்' என்றாரா, 'பலம்' என்றாரா என்று ஐயுறும்படி ஒலி மங்கியிருக்குமாயின், அது வெறும் வசதிக் குறைவன்று. மொழிக்கே நேரும் குறைவாகும். ஆதலின் தொழிற்சாலை பொருத்தித் தந்த ஒலிக்கருவியைச் செம்மைப்படுத்தப் பலர் விரும்புகின்றனர். எங்கிருந்து தொடங்குவது என்ற வினாவுக்கு அக்கருவியின் வரலாறே விடை தருகிறது.

ஒலிபரப்பைப் பொறுத்தவரை கொல்கத்தா தொன்மையான நகரம். இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் கல்கத்தா நிலையம் 1927 ஆகஸ்ட் 26-ஆம் நாள் தொடங்கியது. கார்ஸ்டின் பிளேஸில் பல்லாண்டுகள் இயங்கிய நிலையம், 1958-இல் ஈடன் தோட்டத்தை அடுத்த ஆகாசவாணி பவனத்திற்குப் பெயர்ந்தது. மகாளய அமாவாசையன்று வைகறையில் விழித்து வானொலி கேட்கும் வங்காளியரின் வழக்கம் 1930-களில் வேரூன்றியது. இன்றும் அது நிலைத்திருக்கிறது.

வீட்டில் எளிதாக அமைந்த வானொலியை வண்டியில் ஏற்றுவது எளிதாக இருக்கவில்லை. மூன்று இடையூறுகள் குறுக்கே நின்றன. முதலாவது, மின்சாரம். வால்வுகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வோல்ட் தேவை. வண்டியின் பேட்டரியோ 6 அல்லது 12 வோல்ட் மட்டுமே தரும். இரண்டாவது, எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் மின் இரைச்சல். மூன்றாவது, வண்டியின் குலுக்கலும் இடநெருக்கடியும்.

1930-இல் சிகாகோ நகரின் பால் கால்வின் என்பவர் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தார். தொடக்கத்தில் அதற்கெனத் தனி பேட்டரிகளை வண்டியில் வைக்க வேண்டியிருந்தது. பின்னர் 'வைப்ரேட்டர்' என்ற சிறு கருவி, பேட்டரியின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாயச் செய்து, டிரான்ஸ்பார்மர் வழியாக உயர் வோல்ட்டாக மாற்றிக் கொடுத்தது. தீப்பொறியின் இரைச்சலைத் தடைக் கருவிகள் அடக்கின. 1947-இல் பிறந்த டிரான்ஸிஸ்டர், வால்வையும் வைப்ரேட்டரையும் ஒருங்கே தேவையற்றனவாக்கியது. 1955-இல் முழுவதும் டிரான்ஸிஸ்டராலான கார் வானொலியைக் கிறைஸ்லர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது.

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், ஹூக்ளி ஆற்றங்கரையில், 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உருவான அம்பாஸடர் காரை அறியாதார் யார்? வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் பெற வேண்டியிருந்த காலத்தில், வண்டிக்குள் வானொலி என்பது செல்வரின் சின்னமாகவே விளங்கியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட காஸெட், இந்நிலையை மெல்ல மாற்றிற்று. நிலையத்தார் ஒலிபரப்புவதை மட்டுமே கேட்ட நிலை மறைந்து, வேண்டிய பாடலை வேண்டிய நேரத்தில் கேட்கும் உரிமை பிறந்தது. ஊரிலிருந்து திரும்புவோர் ஊறுகாயோடு காஸெட்டுகளையும் கொணர்ந்தனர். வங்க நாட்டு வீதியில் தமிழிசை ஒலித்தது இவ்வாறே. அதன்பின் குறுந்தகடு வந்தது. இன்று கைபேசியே அப்பணியை ஆற்றுகிறது.

ஆக, மின்சாரத்தின் இடையூறும் இரைச்சலின் இடையூறும் பெரும்பாலும் தீர்ந்தன. வேண்டிய பாடலும் கைக்கு எட்டிவிட்டது. எஞ்சியிருப்பது மூன்றாவது இடையூறே. ஒலி குடியிருக்கும் இடம், அதாவது கதவின் மெல்லிய தகடு, இன்னும் குலுங்குகிறது; அதிர்கிறது.

ஒலி பிறக்கும் பொருளின் அமைப்பே ஒலியின் இனிமைக்குக் காரணம் என்பதை இந்நகரிலிருந்து ஆராய்ந்தவர் ஒரு தமிழர். 1907-இல் அரசாங்க நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்த சர் சி. வி. இராமன், பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தில் ஓய்வு நேரங்களில் ஆய்வு செய்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கரிய சோறே, அதன் மேற்சுரங்களை அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்தி, முழக்கத்தை இசையாக்குகிறது என்று அவர் விளக்கினார். தோலைப் பலமாக அடிப்பதனால் அவ்வினிமை வாராது. தோலின் அமைப்பினால் வருகிறது. காருக்கும் இது பொருந்தும்.

புதிதாக இம்முயற்சியில் இறங்குவோர் முதற்கண் வாட் கணக்கைக் கண்டு மயங்கலாகாது. கருவியின் முகப்பில் '50 வாட், நான்கு' என்று பொறித்திருப்பினும், 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் அத்தகைய சாதாரணக் கருவி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இடையறாது தரவல்லது ஏறத்தாழ 20 வாட் மட்டுமே. மேலும், ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். அதே பயனை, 3 டெசிபெல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் செலவின்றி ஈட்டித்தரும். எனவே முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றுவதே முதற்படி. சாந்தினி சௌக் கடைகளில் விலை கேட்கும்போது, உச்ச வாட்டை விடுத்து உணர்திறனையும், இடையறாது தாங்கும் வாட்டையும் கேட்டறிதல் நலம்.

இரண்டாம் படி, கதவைச் செப்பம் செய்தல். ஸ்பீக்கரின் முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் துளைகள் வழியே கலந்தால், தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உட்தகட்டின் துளைகளை அடைத்து, அதிர்வு தணிக்கும் பியூட்டைல் தகடு ஒட்டினால் மிருதங்கத்தின் கும்காரம் தெளிவாகக் கேட்கும். ஆனால் கதவின் அடியிலுள்ள நீர்வடியும் துளைகளை ஒருபோதும் அடைத்தல் கூடாது. கொல்கத்தாவின் மழைக்காலத்தில் உள்ளே தேங்கும் நீர் கதவைத் துருப்பிடிக்கச் செய்துவிடும்.

இவ்விரண்டும் முடிந்த பின்னரே தனி ஆம்ப்ளிபயரைப் பற்றி எண்ணலாம். அதற்குச் செல்லும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் அமைத்தல் இன்றியமையாதது. இன்றேல் கம்பி உரசித் தீப்பற்றும் அபாயம் உண்டு. தொழிற்சாலைக் கம்பிகளை வெட்டாது, பொருந்தும் இணைப்பான்களை வாங்கிப் பயன்படுத்துவதே முறை.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. வெளியே ஆம்புலன்ஸின் ஓசையும் டிராமின் மணியும் காதில் விழும் அளவிலேயே உள்ளொலி நிற்றல் வேண்டும். வலிமையைத் தேடினால் தலைவலி மிஞ்சும். தெளிவைத் தேடினால் ழகரமும் ளகரமும் தத்தம் உருவோடு செவியை அடையும். பின்னிருக்கையில் அமர்ந்து, வங்காளத்தில் வளரும் நம் குழந்தைகள் தமிழைப் பிழையறக் கேட்டுப் பழகுவதற்கு அத்தெளிவே துணையாகும்.